சர்ச்சஸும் ஒரு சர்ச்சையும்

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் ஒன்று கரண்ட் பில்லுக்காக இருக்கும், இல்லாவிட்டால் சிங்க்கில் ஊறிக் கிடக்கும் குக்கருக்காக இருக்கும். 2013 செப்டம்பர் கடைசியில்தான் முதல்முறையாக ஒரு சிடிக்காகச் சண்டை வந்தது. அதை வாங்கி வந்த புண்ணியவான் நான்.

அப்போது கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தேன். டெனிஸ்டன் பகுதியில் சிவப்புக் கல்லில் கட்டிய பழைய அடுக்குவீடு, மேல்மாடி. இந்த மாதிரி வீடுகளின் பொது மாடிப்படிக்கு அந்த ஊரில் ‘க்ளோஸ்’ என்று பெயர். எங்கள் க்ளோஸில் எந்நேரமும் தாளிப்பு வாசனை அடிக்கும். என்னோடு படித்த மதுரைக்காரன் ஒருத்தன், எலெக்ட்ரானிக்ஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கோவைக்காரர் ஒருவர், நான் என்று மூன்று பேர். வாடகைக் கணக்கில் வராத நாலாவது ஆள், தெருமுனையில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணை. ஞாயிறு இரவு கடையைப் பூட்டியதும், மறுநாளோடு தேதி முடியப்போகிற பாலையும் பாணையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுவார். அவரால் நாங்களும் பிரெட்டைப் பாண் என்றே சொல்லப் பழகியிருந்தோம்.

அந்த சிடி, சர்ச்சஸ் என்கிற மூன்று பேர் குழுவின் முதல் ஆல்பம். பெயர் ‘த போன்ஸ் ஆஃப் வாட் யூ பிலீவ்’. உள்ளூர்க் குழு. லாரன் மேபெரி பாடுவார். இயன் குக்கும் மார்ட்டின் டோஹர்ட்டியும் சிந்தசைஸரும் மற்றதும். ஆங்கிலத்தில் தங்கள் பெயரை யு வரவேண்டிய இடத்தில் வி போட்டு எழுதுவார்கள். கூகுளில் தேடினால் ஊரிலிருக்கிற தேவாலயமெல்லாம் வந்து நிற்கக்கூடாது என்பதற்காக. தமிழில் எழுதும்போது அந்த வி காணாமல் போய், சர்ச்சைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதுதான் சரியான எழுத்துக்கூட்டல்.

முதல் பாட்டு ‘த மதர் வி ஷேர்’ இரண்டு நிமிஷம்கூட ஓடியிருக்காது. தோசைக்கரண்டியோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தான் மதுரைக்காரன்.

“மாப்ள, இதுக்கா பத்து பவுண்டு குடுத்த? எய்ட்டீஸ் காப்பிடா இது. டெபெஷ் மோட்ல ஒரு கரண்டி, யாஸூல ஒரு கரண்டி. பாட மட்டும் ஒரு பொண்ணப் புடிச்சுப் போட்டுருக்காங்ய.”

கோவைக்காரர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எய்ட்டீஸ் எங்கீங்க இருக்குது இதுல? இது ப்யூரிட்டி ரிங்குங்க. போன வருசம் வந்த ‘ஷ்ரைன்ஸ்’ கேட்டீங்களா இல்லீங்களா?”

அன்று பற்றியது கிறிஸ்துமஸ் வரைக்கும் அணையவில்லை.

மதுரைக்காரன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1981-இல் டெபெஷ் மோட் முதல் ஆல்பம் போட்ட கையோடு வின்ஸ் கிளார்க் அந்தக் குழுவைவிட்டு வெளியே வந்து, ஆலிசன் மோயேயுடன் சேர்ந்து யாஸூ தொடங்கினார். கிளார்க்கிடம் இருந்தது குளிர்ந்த இயந்திர ஒலி, மோயேயிடம் இருந்தது சூடான மனிதக் குரல். சிந்த்பாப் என்று இன்றைக்குச் சொல்கிற வகையின் பாதி இலக்கணம் அந்த ஜோடியில் இருக்கிறது. சர்ச்சஸும் அந்த இலக்கணத்தில்தான் எழுதுகிறது. போதாக்குறைக்கு, அதே 2013-இல் டெபெஷ் மோட்டின் ஐரோப்பியக் கச்சேரிகள் சிலவற்றுக்கு முன்கச்சேரி செய்தவர்களும் இவர்களே. “பாத்தியா, குருவே கூப்பிட்டு மேடை குடுத்துட்டாரு” என்றான். காப்பி என்று திட்டுவதற்கு அதையே எப்படி ஆதாரமாக்கினான் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கோவைக்காரர் வாயால் வாதாடுகிற ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னை உட்காரவைத்து, ‘த மதர் வி ஷேர்’ பாட்டின் முதல் சில விநாடிகளை லேப்டாப்பில் போட்டு அலைவடிவமாக விரித்துக் காட்டினார். தொடக்கத்தில் ஏதோ கீபோர்டு வாசிக்கிற மாதிரி கேட்குமே, அது கீபோர்டு இல்லை. மனிதக் குரல். ஒரு பாடகியின் குரலை ஒற்றை உயிரெழுத்து அளவுக்குத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டையும் கட்டைக்குக் கட்டை சுருதி மாற்றி, கீபோர்டில் ஒட்டி வாசிப்பது. துண்டு எங்கே முடிகிறதோ அங்கே அலை கத்தரித்த காகிதம் மாதிரி செங்குத்தாக நிற்கும். வாயால் பாடினால் எந்த ஒலியும் அப்படிச் சட்டென்று நிற்காது. மூச்சு கொஞ்சம் கசிந்துதான் ஓயும். அந்தக் கசிவை எடுத்துவிட்டால்தான் குரல் பொம்மையின் குரலாகிறது. அவர் கோடுகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்ட, கொன்னக்கோல் ஞாபகம் வந்து அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்து அறையில் மதுரைக்காரன் இருந்தான். காதில் விழுந்தால் “நம்மூர்ல அப்பவே” கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்வான் என்று விழுங்கிவிட்டேன்.

“இந்தத் தறிக்கிற வேலை எய்ட்டீஸ் பாட்டுல இந்த அளவுக்கு இருக்காதுங்க” என்றார். “நைஃப் பண்ணுனாங்க, ஸ்வீடன்காரங்க. 2006-ல ‘சைலன்ட் ஷவுட்’. குரல ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாத மாதிரி ஆக்கிட்டாங்க. அப்புறம் கனடாவுல ப்யூரிட்டி ரிங். அங்கிருந்து இவங்க.”

இந்த வரிசையில் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. ‘ஷ்ரைன்ஸ்’ வெளிவந்தது 2012 ஜூலையில். சர்ச்சஸின் ‘லைஸ்’ பாட்டு இணையத்துக்கு வந்தது அதே ஆண்டு மே மாதம். அப்பாவுக்கு முன்னால் பிள்ளை பிறக்குமா? கேட்டேன். ப்யூரிட்டி ரிங்கின் முதல் பாட்டு 2011-லேயே வந்துவிட்டது, பாட்டுக் கேட்க ஆல்பம் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்றார். ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் இந்த வம்சாவளி போடும் விளையாட்டின் மேலேயே எனக்குச் சலிப்பு தட்ட ஆரம்பித்தது.

ஏன் என்று சொல்கிறேன். 1982-இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்கிற இந்தி சினிமா வாத்தியக்காரர் ஒரு ரெக்கார்டு போட்டார். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். ஜப்பான் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள் கையில்: ஜூபிட்டர்-8 கீபோர்டு, டிஆர்-808 தாளப்பெட்டி, டிபி-303 பேஸ் பெட்டி. அந்த 303 தனியாகப் பயிற்சி செய்கிற கிதார்காரர்களுக்கு பேஸ் கிதாருக்குப் பதிலாக வாசித்துக் கொடுக்கச் செய்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி அதில் உண்டு. பேஸ் கிதார் மாதிரி அது ஒருநாளும் ஒலித்ததில்லை, நம் ராகத்துக்கு அந்த வழுக்கல் ஏதோ கமகம் போல வாய்த்தது. ரெக்கார்டு விற்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1987-இல், சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு அதே 303-ஐ முறுக்கித் திருகி ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று ஒன்று போட்டது. ஆசிட் ஹவுஸ் என்கிற வகையே அங்கிருந்து கிளம்பியதாகச் சொல்வார்கள். 2010-இல் சரண்ஜித் சிங்கின் ரெக்கார்டை மறுபடி வெளியிட்டபோது கேட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள். இரண்டும் அத்தனை ஒன்றுபோல இருந்தன. ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர் என்று ஒரே கூச்சல். சிகாகோக்காரர்கள் கையில் விற்காத அந்த மும்பை ரெக்கார்டு கிடைத்திருக்கும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. ஒரே பெட்டி இரண்டு ஊரில் இருந்தது, இரண்டு பேர் அதன் திருகுகளைத் திருகினார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் மதுரைக்காரன் சந்தோஷத்தில் குதித்தான். நான் சொன்னதற்கு நேர் எதிராகப் புரிந்துகொண்டு, “அப்ப நம்மாளுதான் ஃபர்ஸ்ட்டு! 86-ல விக்ரம் படத்துல ராஜா கம்ப்யூட்டர்ல பண்ணாததயா இவங்ய பண்ணிட்டாங்ய?” என்றான். விக்ரம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் தமிழர் வீட்டில் அதற்கு மேல் இசை விவாதம் நடக்காது. அன்றும் நடக்கவில்லை. அந்தப் படத்தின் பாட்டையெல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்டோம். கீழ்வீட்டு ஸ்காட்லாந்துப் பாட்டி மறுநாள் க்ளோஸில் நிறுத்தி, நேற்று என்ன விசேஷம் என்று கேட்டார்.

எண்பதுகளின் வாசனை என்று நாம் முகர்கிற பலதும் கருவியின் வாசனைதான். யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு 1983-இல் வந்தது. அதில் புது ஒலி உண்டாக்குவது தலைவலி பிடித்த வேலை என்பதால், கம்பெனி போட்டுக் கொடுத்த ஒலிகளையே உலகம் முழுக்க அப்படியே வாசித்தார்கள். அந்தக் காலத்துப் பாட்டில் டிரம்ஸ் ‘டும்’ என்று குகைக்குள் விழுந்து சட்டென்று வாய் மூடிக்கொள்ளுமே, அதுவும் அப்படித்தான். 1979-இல் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பீட்டர் கேப்ரியலுக்காக ஃபில் கொலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். வாத்தியக்காரர்கள் பேசுவது இந்தப் பக்கம் கேட்பதற்கென்று வைத்த மைக் தவறுதலாகத் திறந்திருந்தது. மெல்லப் பேசினாலும் கேட்கவேண்டும் என்று அந்த மைக்கில் ஒலியை முரட்டுத்தனமாக நெருக்கும் சுற்று ஒன்று இருந்தது. அதன் வழியாக டிரம்ஸ் பூதாகரமாக வந்து விழ, ஹ்யூ பேட்ஜம் என்கிற எஞ்சினியர் அதைப் பிடித்துக்கொண்டார். நீளும் எதிரொலியைப் பாதியில் கதவடைத்து நிறுத்தும் கருவியும் சேர்ந்ததும், அடுத்த பத்து வருஷத்துக்கு எல்லாப் பாட்டிலும் அதே ‘டும்’.

சர்ச்சஸ் இந்த ஆல்பத்தை இயன் குக்கின் கிளாஸ்கோ ஸ்டுடியோவில் செய்தார்கள். 1984-இல் வந்த ஜூனோ-106 அங்கே இருந்தது, 2000-க்குப் பிறகு வந்த மூக் வாயேஜரும் இருந்தது. முன்னதை வாசித்தால் எண்பதுகள் தானாக வந்து நிற்கும். தாமிரபரணித் தண்ணீரில் போட்ட காப்பியில் தாமிரபரணி ருசி இருப்பதற்குக் காப்பித்தூளைக் குற்றம் சொல்லமுடியுமா?

அப்படியானால் இந்தக் குழு எங்கிருந்து வந்தது? இங்கே எனக்கென்று ஒரு கட்சி இருந்தது. குக் முன்பு இருந்த குழுவின் பெயர் ஏரியோகிராம். 2007-இல் கலைந்துபோன கிளாஸ்கோ ராக் குழு. அவர்களுடைய பாட்டுகள் சில காதோடு ரகசியம் பேசுவதுபோலத் தொடங்கும். சொல்லாமல் கொள்ளாமல் கிதாரெல்லாம் ஒன்றாக இடிந்து விழும். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். டோஹர்ட்டி, த ட்வைலைட் சேட் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். அதுவும் இருட்டும் இரைச்சலுமான குழுதான். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஆல்பத்தில் ‘டெதர்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பாதிவரை ஒரு கிதாரும் குரலும் மட்டும், மழைநாள் மாலை மாதிரி. அப்புறம் அடியிலிருந்து சிந்தசைஸர் கிளம்பி, ஏறி, ஏறி, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். கிதார் இருக்கவேண்டிய இடத்தில் சிந்தசைஸர் இருக்கிறது, அந்த ஏற்றம் ராக்காரன் ஏற்றம். டெபெஷ் மோட்டின் முதல் ஆல்பத்தில் தேடினால் இது கிடைக்காது. இவர்களுக்கு அப்பன் இவர்களே, பழைய உடுப்பை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. கண்டுபிடித்த பெருமையில் இரண்டு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பாட ஒரு பொண்ணைப் பிடித்துப் போட்டார்கள் என்று மதுரைக்காரன் சொன்னானே, அதற்கு வருகிறேன். மேபெரி பதினைந்து வயதிலிருந்து டிரம்ஸ் வாசித்தவர். சட்டம் படித்து, இதழியலில் முதுகலையும் முடித்தவர். அவர் முன்பு இருந்த குழுவின் ரெக்கார்டிங்கை 2011-இல் குக் செய்துகொடுத்தபோதுதான் இவர்களுக்குள் தொடர்பு வந்தது. ஆல்பம் வந்த அதே செப்டம்பர் முடியுமுன், தனக்கு வருகிற ஆபாசச் செய்திகளைப் பற்றி கார்டியனில் அவரே ஒரு கட்டுரை எழுதினார். அதைப் பிரிண்ட் எடுத்து அடுக்களை அலமாரியில் ஒட்டிவைத்தேன். மதுரைக்காரன் நின்று முழுக்கப் படித்தான். அன்று இரவு குக்கரை அவனே கழுவிவைத்தான். மன்னிப்பு கேட்பது அவன் பரம்பரையிலேயே கிடையாது.

இத்தனைக்கும் அண்ணை வாயே திறக்கவில்லை. ஞாயிறுதோறும் வருவார், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து கேட்பார், போய்விடுவார். அவருக்கு இதிலெல்லாம் என்ன தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நவம்பரில் ஒரு நாள், எங்கள் கத்தலுக்கு நடுவில், “தம்பியவை, ஒண்டு சொல்லட்டோ?” என்றார்.

“சொல்லுங்கண்ணே.”

“அந்தப் பிள்ளை தன்ர பேச்சிலேயே பாடுது. கவனிச்சனீங்களோ?”

கவனிக்கவில்லை. சிடியை மறுபடி போட்டோம். உண்மைதான். எங்கள் பஸ் டிரைவரும் கீழ்வீட்டுப் பாட்டியும் ‘ர’வை உருட்டுகிற அதே உருட்டல் பாட்டிலும் இருந்தது. ஆங்கிலத்தில் பாப் பாட என்று வாயைத் திறந்தால் எந்த ஊர்க்காரருக்கும் அமெரிக்க நாக்கு முளைத்துவிடும். இந்தப் பெண் கிளாஸ்கோ நாக்கோடு பாடிக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் கருவியையும் கத்தரிப்பையும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். நாலு தமிழர்கள் உட்கார்ந்திருந்த அந்த அறையில், எங்கே போனாலும் “என்ன, சிலோன் தமிழா?” என்று கேட்கப்பட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு அவரே கதை சொன்னார். எண்பத்துநாலில் லண்டனுக்கு வந்திருக்கிறார், இருபது வயது. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ரேடியோ. பத்து மணிக்குமேல் ஜோன் பீல் என்று ஒருத்தர் ரேடியோ ஒன்றில் வருவார், வேறெவரும் போடாத பாட்டெல்லாம் போடுவார். “முதல் ஒண்டும் விளங்கேல்லை. நித்திரை வராமல் இருக்கத்தான் கேட்டது. பிறகு அந்த மனுசன் வராத நாளிலை வேலை ஓடாது” என்றார். இந்த ஸ்காட்லாந்தின் க்ரேஞ்ச்மவுத் ஊர்க்குழு காக்டோ ட்வின்ஸ், ஜாய் டிவிஷன், த க்யூர் எல்லாம் அவர் கேட்டது அந்தக் கூண்டுக்குள்தான். இங்கே மூன்று பேர் புத்தகம் படித்தவர்கள் மாதிரி எண்பதுகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எண்பதுகள் எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

“அப்ப நீங்க சொல்லுங்கண்ணே, இது டெபெஷ் மோட்தானே?” என்று மதுரைக்காரன் ஆவலாகக் கேட்டான்.

“இல்லையப்பன். உந்தக் கடைசிப் பாட்டைப் போடும்.”

கடைசிப் பாட்டு ‘யூ காட் த லைட்’. டோஹர்ட்டி பாடுவது. மேபெரி பாடாத பாட்டு என்பதால் நாங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே அணைத்துவிடுவோம். பாடகர் என்ற முறையில் டோஹர்ட்டி மேல் எனக்கு இன்றும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. மெதுவாக, ஈரமாக, ஐந்து நிமிஷத்துக்குமேல் ஓடுகிற பாட்டு. அண்ணை கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

“இது க்யூர். ரொபேட் ஸ்மித். எண்பத்தொன்பதிலை ‘டிஸ்இன்டெக்ரேஷன்’ எண்டு ஒரு ரெக்கோட் வந்தது. அதுக்குப் பக்கத்திலை வைச்சுக் கேட்டுப் பாருங்கோ. இந்தப் பிள்ளையள் அதைக் கேட்டு வளந்ததுகள்.”

நான் விடவில்லை. 303 கதை, டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ கதை எல்லாவற்றையும் அவருக்கும் சொன்னேன். ஒலி ஒன்றுபோல இருப்பதால் உறவு என்று ஆகிவிடாது, கருவியும் எதிரொலியும் ஒன்றாக இருந்தால் இப்படித்தான் கேட்கும் அண்ணே என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நீர் சொல்லுறது சரி தம்பி. ஆனா இது அது இல்லை” என்றார். வெறும் கோப்பையை சிங்க்கில் கழுவி வைத்துவிட்டுப் போனார். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

அந்த ஆல்பத்தைப் பற்றி இன்றைக்கு என்ன நினைக்கிறேன் என்றால், முதல் நாலைந்து பாட்டுக்கு ஈடு கிடையாது. நடுவில் தொய்கிறது. டிரம்ஸ் எல்லாப் பாட்டிலும் ஒரே சத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்பதால் முழுக்கக் கேட்டால் காது களைத்துவிடும். ‘சயின்ஸ்/விஷன்ஸ்’ மட்டும் ராத்திரியில் ஹெட்போனில் கேட்கவேண்டிய சாமான். 2015-இல் வந்த இரண்டாவது ஆல்பம் இதைவிடக் கட்டுக்கோப்பானது. 2018-இல் கிரெக் கர்ஸ்டின் என்கிற பெரிய தயாரிப்பாளரோடு செய்த மூன்றாவதில் ஓரமெல்லாம் இழைத்து வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசக்கூட எங்களுக்குள் யாரும் போன் செய்துகொள்ளவில்லை. சண்டை போடத் தோன்றாத ஆல்பம். கச்சேரியில் டிரம்ஸுக்கென்று தனி ஆள் வந்ததும் அந்த வருஷம்தான். அதுவரை மேபெரியே அவ்வப்போது மேடையில் குச்சியை எடுத்து அடிப்பார், அதுதான் எனக்குப் பிடிக்கும்.

நாங்கள் கலைந்து வெகுகாலம் ஆகிறது. கோவைக்காரர் ஊருக்கே திரும்பிப்போய்ப் பாடம் நடத்துகிறார். மதுரைக்காரன் டப்ளினில். நான் சென்னை. அண்ணை மட்டும் அதே கடையில்.

2021 ஜூன் முதல் வாரம். கொரோனா இரண்டாவது அலை, ஊரடங்கு, வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். ஒரு நாள் காலை ஐந்தரைக்கு போன் அடித்தது. அந்த நாட்களில் அந்த நேரத்தில் போன் வந்தால் வயிற்றைக் கலக்கும். திரையில் அண்ணை பெயர். கிளாஸ்கோவில் நடுநிசி தாண்டியிருக்கும். பயந்துகொண்டே எடுத்தேன்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஒன்றுமே பேசவில்லை. போனை ரேடியோவுக்கோ கம்ப்யூட்டருக்கோ பக்கத்தில் பிடித்திருந்தார் போல. இரைச்சலுக்கு நடுவே மேபெரி குரல் கேட்டது, அதே உருட்டிய ‘ர’. புதுப்பாட்டு. சர்ச்சஸ் அந்த வாரம்தான் வெளியிட்டிருந்த ‘ஹவ் நாட் டு டிரவுன்’. கொஞ்சம் போனதும் கூடவே ஓர் ஆண் குரல் பாடத் தொடங்கியது. டோஹர்ட்டி இல்லை. வயசான, கொஞ்சம் நடுங்குகிற, அழுகிறதா பாடுகிறதா என்று தெரியாத குரல்.

“ஆரெண்டு விளங்குதோ தம்பி?” என்றார் அண்ணை.

ராபர்ட் ஸ்மித்.

“அண்ணே...” என்று இழுத்தேன்.

“பொறும், பாட்டு முடியேல்லை” என்றார்.